வெயிலை அளந்து ஆளைக் காக்கும் திறன்: மூன்று நாடுகள் சேர்ந்து வளர்ப்பது எப்படி

பருவநிலை மாற்றம் பற்றிய பயிற்சி பெரும்பாலும் ஐந்து நாள் பயிலரங்காகத் தொடங்கி, குழுப் படத்தோடும் சான்றிதழோடும் முடிந்துவிடுகிறது. பயிற்சி பெற்றவர் ஊர் திரும்பிய சில மாதங்களில் வேறு துறைக்கு மாற்றலாகிறார். வாங்கிக் கொடுத்த கருவி, பூட்டிய அலமாரிக்குள் பேட்டரி கசிந்து கிடக்கிறது. உதவ வந்தவர் கிளம்பிப் போன பிறகும் ஒரு வேலை குறித்த நேரத்தில், பெயர் தெரிந்த ஓர் ஆளால், உள்ளூர்ப் பணத்தில் நடந்துகொண்டே இருந்தால்தான் அங்கே திறன் வளர்ந்திருக்கிறது என்று சொல்லலாம்.

சிங்கப்பூரில் வேலையிடப் பாதுகாப்பு அதிகாரியாக, தாதியாக, பொறியாளராக, ஆசிரியராக, தொண்டூழியராக இருந்துகொண்டு, தமிழகத்திலோ இலங்கையிலோ உள்ள ஓர் அமைப்போடு கைகோத்துப் பருவநிலைப் பணி செய்ய நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டாக ஒரே வேலையை எடுத்துக்கொள்கிறோம்: வெளியில் உழைப்பவர்களுக்கு வெப்ப எச்சரிக்கை. தூத்துக்குடி உப்பளம், மட்டக்களப்பு வயல், துவாஸ் கட்டுமானத் தளம் மூன்றிலும் ஒரே வெயில்தான் ஆளைச் சாய்க்கிறது. மூன்று இடத்திலும் தமிழில் பேசிப் புரியவைக்கலாம். மூன்றுக்கும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ள உண்மையிலேயே ஏதோ இருக்கிறது.

வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'பருவநிலை விழிப்புணர்வு' என்று தலைப்பிட்டுத் தொடங்கும் திட்டத்துக்கு முடிவே கிடையாது. தலைப்புக்குப் பதில் ஒரு வேலையை எழுதுங்கள். இப்படி: 'பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை, இந்த உப்பளத்தில், வேலை நடக்கும் நேரமெல்லாம் மணிக்கொருமுறை வெப்ப அழுத்தத்தை அளந்து, எல்லையைத் தாண்டினால் 15 நிமிடத்துக்குள் கடைசிப் பாத்தியில் நிற்கும் ஆள் வரை செய்தி சேர்க்க வேண்டும்.' எங்கே, எப்போது, எவ்வளவு, யாருக்கு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. நடந்ததா இல்லையா என்று எவரும் போய்ப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அந்த வாக்கியத்தை எழுத வேண்டியவர்கள் அங்குள்ளவர்கள். 2015 பாரிஸ் உடன்பாட்டின் 11ஆம் விதி, திறன் வளர்ப்பு அந்தந்த நாட்டின் தேவையிலிருந்து புறப்பட வேண்டும் என்கிறது. வளரும் நாடுகள் தங்களுக்குள் தொழில்நுட்ப ஒத்துழைப்பு செய்துகொள்வதற்கு 1978இல் புவனோஸ் ஐரிஸில் வகுத்த செயல்திட்டமும் அதே அடிப்படையில் எழுந்ததுதான். நடைமுறையில் இதற்குப் பொருள் எளியது: முதல் இரண்டு மாதம் நீங்கள் எதையும் கற்பிக்கக் கூடாது. கேளுங்கள். 'போன கோடையில் யாராவது மயங்கி விழுந்தார்களா, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள், எப்படி மருத்துவமனைக்குப் போனார்கள்?' இந்த நான்கு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையிலேயே பாதித் திட்டம் கிடைத்துவிடும்.

சிங்கப்பூர்த் தரப்பும் தனக்கென ஒரு வேலை வாக்கியம் எழுத வேண்டும். இதைத் தவிர்த்தால் ஒத்துழைப்பு என்ற பெயரில் ஒருவர் கொடுக்க இன்னொருவர் வாங்குவதாகிவிடும். வாங்குபவர் மரியாதைக்காகத் தலையாட்டுவார், உண்மையைச் சொல்ல மாட்டார். சிங்கப்பூருக்குப் பொருத்தமான ஒன்று: 'ஊர் விடுப்பிலிருந்து திரும்பும் ஊழியரின் முதல் ஏழு நாள் வேலைப் பளுவைத் தங்கும் விடுதியில் அவருடைய அறைத் தோழர்களே கவனித்து, தேவையானால் மேற்பார்வையாளரிடம் சொல்லும் முறை.' விதி இருக்கிறது. வெயில் பழகுவதற்குக் குறைந்தது ஏழு நாள் அவகாசம் தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு சொல்கிறது. அது தளத்தில் எப்படி நடக்கிறது என்பதில்தான் இடைவெளி. மேலதிகாரியை நம்பியிராமல் சக தொழிலாளர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தை உப்பளத்துக் குழுக்களிடமிருந்து கற்கலாம்.

மூன்று நாடு, மூன்று அளவுகோல்

முதல் சிக்கல் இங்கேதான் வரும். சிங்கப்பூரில் 2023 ஜூலையிலிருந்து வெளியாகும் வெப்ப அழுத்த ஆலோசனை, வெட் பல்ப் குளோப் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், நேரடி வெயில் நான்கையும் சேர்த்துக் காட்டும் அளவு அது. 31 பாகைக்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ம் அதற்கு மேலும் கடுமை. இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையை அறிவிக்கப் பார்ப்பது நாளின் உச்ச வெப்பநிலையையும் வழக்கத்திலிருந்து அது எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையும்: சமவெளியில் 40 பாகை, கடலோரத்தில் 37 பாகை எட்டி, வழக்கத்தைவிட 4.5 பாகையாவது கூடியிருக்க வேண்டும். இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்த வெப்பச் சுட்டெண்ணைப் பயன்படுத்துகிறது. அதில் நேரடி வெயிலுக்குக் கணக்கில்லை.

ஒன்றை இன்னொன்றாக மாற்றித்தரும் குறுக்குவழி அட்டவணைகளை நம்பாதீர்கள். கடலோர உப்பளத்தில் காற்று 35 பாகையில் நிற்கலாம். வெப்ப அலை என்று எவரும் அறிவிக்க மாட்டார்கள். ஆனால் அதே நேரத்தில் வெட் பல்ப் குளோப் அளவு 32ஐத் தாண்டியிருக்கலாம். ஆகவே மூலத் தரவைப் பதியுங்கள்: உலர் வெப்பநிலை (காற்றின் வெப்பம்), ஈரத்திரி வெப்பநிலை (நனைந்த திரி சுற்றிய வெப்பமானி காட்டுவது), கறுப்புக் கோள வெப்பநிலை (வெயிலை உள்வாங்கும் கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது), ஈரப்பதம், காற்று வேகம், நேரம், வெயிலா மேகமா. இந்த ஏழும் இருந்தால் மூன்று நாட்டு அளவையும் எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம். இந்திய அளவுக்கு மட்டும் அருகிலுள்ள வானிலை நிலையத்தின் வழக்க வெப்பநிலை கூடுதலாக வேண்டும். இறுதி எண்ணை மட்டும் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

கருவி: தவறுவது எங்கே

கணக்கு எளிது. வெயிலில் நிற்கும்போது ஈரத்திரி வெப்பநிலையை 0.7ஆலும், கோள வெப்பநிலையை 0.2ஆலும், உலர் வெப்பநிலையை 0.1ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். வெயில் படாத இடத்தில் ஈரத்திரி 0.7, கோளம் 0.3. உலர் 35, ஈரத்திரி 28, கோளம் 46 என்றால் 19.6ம் 9.2ம் 3.5ம் சேர்ந்து 32.3.

இனி இதே இடத்தில் மூன்று மாற்றங்களைப் பாருங்கள். பந்தல் போட்டு நேரடி வெயிலைத் தடுத்ததில் கோளம் 38க்கு இறங்கினால், ஈரத்திரி மாறாவிட்டாலும் அளவு 31.0. ஓலைப் பந்தல் ஒன்றின் மதிப்பு 1.3 பாகை. ஈரத்திரியில் உப்புப் படிந்து நீர் சரியாக ஆவியாகாமல் 29.5 காட்டினால் விடை 33.35, 'மிதம்' கண்முன்னே 'கடுமை' ஆகிவிடும். கைக்கருவியின் சின்னக் கோளம் 46க்குப் பதில் 43 காட்டினால் விடை 31.7; சிங்கப்பூரில் ஓய்வு கட்டாயமாகும் எல்லை 32 என்பதால், ஓய்வு தர வேண்டிய நேரத்தில் கருவி 'தேவையில்லை' என்று சொல்லும். சின்னக் கோளம் காற்றில் சீக்கிரம் குளிர்வதால் கடும் வெயிலில் குறைத்துக் காட்டும். கணக்குக்குரிய முறைப்படியான கோளம் 150 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது.

அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே வகைக் கைக்கருவி இரண்டு வாங்குங்கள். ஒன்று பழுதானால் மற்றது இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. மூன்று இடங்களுக்கும் பொதுவாக 150 மில்லிமீட்டர்க் கோளம் உள்ள ஒரு கருவி சுற்றி வரட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைக் கைக்கருவிகளின் பக்கத்தில் வைத்து, காலை முதல் மாலை வரை மூன்று நாள் சேர்த்து அளந்து, வேறுபாட்டைக் கருவியின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள்: 'நண்பகலில் 0.6 கூட்டு' என்பதுபோல். வேறுபாடு நாளுக்கு நாள் தாவினால் அந்தக் கருவியைத் திருப்பி அனுப்புவதே நல்லது.

வைக்கும் முறை: தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரம், ஆள் வேலை செய்யும் அதே தரை, சுவரிலிருந்தும் வாகனத்திலிருந்தும் தள்ளி. பெரிய கோளம் நிலைப்பட 20 நிமிடமாவது ஆகும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துவந்த உடனே படித்த எண் செல்லாது. ஈரத்திரிக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் வேண்டாம். உப்பளத்தில் திரியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், வயலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஓர் ஆண்டுக்கான திரியையும் பேட்டரியையும் கருவியோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். திட்டங்கள் நின்றுபோவது பெரும்பாலும் கருவி உடைந்ததால் அல்ல, சில வெள்ளி மதிப்புள்ள திரி கிடைக்காததால்.

எல்லையை இரவல் வாங்க முடியாது

சிங்கப்பூரில் 2023 அக்டோபர் முதல், அளவு 32ஐ எட்டினால் கடும் உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33ஐ எட்டினால் 15 நிமிடம். அனைத்துலகத் தரமான ஐஎஸ்ஓ 7243, வெயிலுக்குப் பழகியவர் கடும் வேலை செய்ய 26ஐயும், பழகாதவருக்கு 23ஐயும் ஒப்பீட்டு எல்லையாக வைக்கிறது. நம் வெப்ப மண்டலத்தில் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே 26 தாண்டிவிடும். அந்தத் தரத்தை அப்படியே எடுத்து ஒட்டினால் நாள் முழுதும் எச்சரிக்கை ஒலிக்கும். நாள் முழுதும் ஒலிக்கும் எச்சரிக்கைக்கு மூன்றாம் நாள் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

எல்லையை உள்ளூரில்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒரு பருவம் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் அளந்து மட்டும் பாருங்கள். கூடவே தலைசுற்றல், வாந்தி, கெண்டைக்கால் பிடிப்பு, வேலையைப் பாதியில் விட்டுப் போனது இவற்றை நாள், நேரத்தோடு குறியுங்கள். எந்த அளவுக்கு மேல் இவை கூடுகின்றன என்று தெரிந்துவிடும். பிறகு இரண்டே படிகள்: ஒன்று 'நிழலும் தண்ணீரும்', இன்னொன்று 'வேலையை நிறுத்து'. ஐந்து நிறம் வேண்டாம்.

இங்கே கூலிக் கணக்கைப் பேசாமல் நகரக் கூடாது. மணிக்கு 10 நிமிட ஓய்வு என்றால் வேலை நேரத்தில் ஆறில் ஒரு பங்கு போகிறது. சிங்கப்பூரில் அந்தப் பொறுப்பை விதி முதலாளிமேல் வைக்கிறது. செய்த வேலைக்கு ஏற்பக் கூலி வாங்கும் உப்பளப் பெண்ணுக்கோ அறுவடை ஆளுக்கோ ஓய்வு என்பது அன்றைய வருமானத்தில் ஓட்டை. எச்சரிக்கையைக் கேட்டும் அவர் வேலையை நிறுத்தவில்லை என்றால் அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதாதீர்கள். ஒப்பந்தக்காரரையும் கூட்டுறவுச் சங்கத்தையும் முதல் கூட்டத்திலேயே உட்காரவைத்து, ஓய்வு நேரத்தை யார் தாங்குவது என்று எழுத்தில் வாங்குங்கள். அது முடியாத இடத்தில் நேரத்தை நகர்த்துவது ஒன்றே வழி. தூத்துக்குடி உப்பளங்களில் பலர் விடியுமுன்னே வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். சிங்கப்பூர்த் தளங்களில் சத்தக் கட்டுப்பாடும் போக்குவரத்தும் குறுக்கே நின்றாலும், கம்பி கட்டுவது, தளத்தைத் துப்புரவாக்குவது போன்ற சத்தமில்லாத வேலைகளைக் காலைக்கு இழுக்க முடியுமா என்று கேட்க இது நல்ல பாடம்.

தண்ணீர் அறிவுரையிலும் அதே கவனம் வேண்டும். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது சுமார் 240 மில்லி, மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டாமல் என்பது பொதுவான பரிந்துரை. ஆனால் கழிப்பறை இல்லாத உப்பளத்தில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். அங்கே சுவரொட்டி அச்சடிக்கும் காசைக் கழிப்பறைக்குக் கொடுப்பதுதான் பருவநிலைத் தகவமைப்பு. உப்பளத் தொழிலாளர்களின் வெப்ப அழுத்தத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நெடுநாளாக ஆராய்ந்து வருகிறார்கள். அத்தகையவர்களைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கலந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து நிபுணர் பறந்து வர வேண்டியதில்லாத இடங்களில் பறந்து வராமலிருப்பதும் மரியாதைதான்.

ஆள்: ஒருவர் போதாது, மூவர் வேண்டும்

ஒவ்வோர் அமைப்பிலிருந்தும் மூவரைக் கேளுங்கள். தினமும் அளக்கப்போகிறவர், அவர் இல்லாத நாளில் அளக்கப்போகிறவர், நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர். அழைப்புக் கடிதத்தில் பதவியை அல்ல, வேலையை எழுதுங்கள். 'ஓர் அதிகாரியை அனுப்பவும்' என்றால் அப்போது ஓய்வாக இருப்பவர் வருவார்.

அகமதாபாத் இதற்கு நல்ல முன்மாதிரி. 2010 கோடையின் கடும் வெப்ப அலைக்குப் பிறகு, 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை அந்த நகராட்சி தொடங்கியது. நகராட்சிக்குள்ளேயே பொறுப்பு அதிகாரி ஒருவர். எச்சரிக்கை வந்தால் மருத்துவமனை, ஆம்புலன்ஸ், செய்தித்துறை ஒவ்வொன்றும் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிய பட்டியல். பிற இந்திய நகரங்கள் அதைப் பார்த்துத் தம் திட்டங்களை வகுத்தன. தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பணமும் பொறுப்பும் அரசாணைக்குள் வந்துவிட்டதால், அங்குள்ள பங்காளி மாவட்ட நிர்வாகத்திடம் போய்க் கேட்பதற்கு இப்போது பிடி இருக்கிறது.

நம்மில் பலர் கண்ணில் படாத ஒரு செல்வமும் உண்டு. சிங்கப்பூரில் ஆண்டுக்கணக்கில் கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறையிலும் உழைத்து, பாதுகாப்புப் பயிற்சிகளை முடித்து, புதுக்கோட்டைக்கும் சிவகங்கைக்கும் திருவாரூருக்கும் திரும்பிப் போயிருக்கும் ஊழியர்கள். வேலை தொடங்குமுன் கூடிப் பேசுவது, சக ஊழியரைக் கவனிப்பது, ஆபத்து என்றால் கையை உயர்த்தி நிறுத்துவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த பழக்கம். உள்ளூர்ப் பேச்சும் தெரியும், கூலி வாழ்க்கையும் தெரியும். பயிற்சியாளராக முதலில் தேட வேண்டியவர்கள் இவர்களே. சிங்கப்பூரில் இப்போது வேலை செய்பவர்களிடம் விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாலே பெயர்கள் வரும். அவர்களுக்குப் பயணப்படி மட்டும் கொடுக்காமல் நாள் ஊதியமும் கொடுங்கள். பேராசிரியருக்குக் கொடுக்கும் உரைக்கட்டணத்துக்கு ஒப்பாகவே.

ஐந்து நாள்

20 பேருக்கு மேல் கூட்டாதீர்கள். பயிற்சியை டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு உப்பளங்கள் மறுபடி தயாராகும் காலம் அது. கத்திரி வெயிலுக்கு முன் மூன்று மாதம் கையில் இருக்கும்.

முதல் நாள் பருவநிலை அறிவியலுக்கு ஒரு மணி நேரம் போதும். மீதி நேரத்தில் போன ஆண்டு நடந்த சம்பவங்களைத் தரையில் வரைந்து, எங்கே நிழல், எங்கே தண்ணீர், எங்கே சாலை என்று காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் கருவி: ஒவ்வொருவரும் தாமே திரி மாற்றி, அளந்து, கால்குலேட்டர் இல்லாமல் காகிதத்தில் கணக்கிட வேண்டும். வேண்டுமென்றே அழுக்குத் திரி போட்ட ஒரு கருவியைக் கலந்து வைத்து, எது பிழை என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் களத்தில்.

அதில் அரை நாளை முழுதாக வெப்பத் தாக்குக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) ஒதுக்குங்கள். உடல் கொதிக்க, பேச்சுக் குழறி, ஆள் குழம்பினால் அது உயிருக்கு ஆபத்து. முதலில் குளிரவையுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். நிழலுக்குத் தூக்கிப் போய், தடித்த துணிகளைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்தளவு நீரில் இறக்கலாம். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. குளிரவைக்கும்போதே இன்னொருவர் அழைக்கட்டும்: சிங்கப்பூரில் 995, தமிழகத்தில் 108, இலங்கையில் 1990. ஒவ்வொருவரும் மற்றொருவரை நிழலுக்குத் தூக்கி, நீர் ஊற்றத் தொடங்கும்வரை நேரம் குறியுங்கள். மூன்று நிமிடத்துக்குள் வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

அந்த 1990 எண்ணே இரு நாட்டு ஒத்துழைப்பில் பிறந்தது. இந்திய மானியத்தோடு, இந்தியாவின் 108 சேவையை நடத்திவந்த அமைப்பின் துணையோடு 2016இல் இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் 'சுவசெரிய' தொடங்கியது. பிறகு 2018இல் இலங்கை தனிச் சட்டம் இயற்றி, அதை ஓர் உள்நாட்டு அறக்கட்டளையின் கையில் ஒப்படைத்து, நாடு முழுதும் விரித்தது. உதவியாக வந்தது உள்நாட்டுச் சட்டமாகவும் உள்நாட்டுச் செலவாகவும் மாறியிருக்கிறது. உங்கள் சின்னத் திட்டத்தையும் இந்தக் கண்ணோடு வரையுங்கள்: கையளிக்கும் நாளும், வாங்கிக்கொள்ளும் அமைப்பும் தொடக்க ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் நாள் சான்றிதழ் நாள் அல்ல. ஒவ்வொரு மூவர் குழுவும் முதல் 30 நாளுக்கு யார், எத்தனை மணிக்கு, எங்கே அளப்பது என்று எழுதிக் கையெழுத்திடும் நாள். சான்றிதழை ஆறு மாதப் பதிவேட்டைக் காட்டிய பிறகு கொடுங்கள்.

பணமும் சட்டமும்

வரவுசெலவைப் பத்துப் பங்காக்கினால் பயிற்சிக்கும் பயணத்துக்கும் மூன்று, கருவிக்கும் உதிரிக்கும் மூன்று, பயிற்சிக்குப் பிந்திய தொடர்பணிக்கு நான்கு. நன்கொடையாளர்கள் பெரும்பாலும் முதல் பகுதிக்கே பணம் கொடுக்க விரும்புவார்கள். அந்த நான்கு பங்கை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையை வாங்கும் அமைப்பு அதற்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் புதுடில்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் கிளைக் கணக்குக்கே போக வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கருவியாக அனுப்பினாலும் அதுவும் நன்கொடைக் கணக்கில் சேரும். 'பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்' என்று எண்ணி உள்ளூர்ப் பங்காளியைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். பதிவு உள்ள அமைப்பையே நேரடிப் பங்காளியாக்குங்கள், அல்லது கருவியை அங்கேயே அவர்கள் நிதியில் வாங்கச் செய்து, சிங்கப்பூர்ப் பணத்தைச் சிங்கப்பூருக்குள் ஆகும் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு அதிகாரிகளுக்கு அரசு வழிகளே சிறந்தவை. வெளியுறவு அமைச்சு 1992 முதல் நடத்தும் சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தில் பருவநிலை, நீர், நகர நிர்வாகம் பற்றிய பயிற்சிகள் உண்டு. அதற்கு விண்ணப்பதாரரை அவருடைய அரசாங்கம் முன்மொழிய வேண்டும். இலங்கை அதிகாரிகளுக்கு, பிற நாட்டவருக்கு இந்திய அரசு பயிற்சி தரும் ஐடெக் திட்டமும் இருக்கிறது. அது 1964இலிருந்து நடப்பது. பங்காளிகளுக்கு இந்த அறிவிப்புகளை உரிய நேரத்தில் அனுப்பி, விண்ணப்பம் எழுத உதவுவது மலிவான, பலன் மிகுந்த பணி.

உடல்நலப் பதிவேட்டில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் அந்த ஊரை விட்டு வெளியே போகக் கூடாது. மூன்று நாட்டிலும் தனிமனிதத் தரவுக்குச் சட்டம் இருக்கிறது. அதற்கும் மேலாக, 'மயங்கி விழுந்தவர்' என்று ஒப்பந்தக்காரர் கையில் பட்டியல் போய்ச்சேர்ந்தால் அந்த ஆளுக்கு மறுநாள் வேலை இருக்காது.

பயிற்சிக்குப் பிந்திய பத்து மாதம்

வாரம் ஒருமுறை 30 நிமிட அழைப்பு. சிங்கப்பூரில் மாலை 5.30 என்றால் சென்னையிலும் கொழும்பிலும் மணி 3. மூன்று இடத்தாரும் அந்த வாரப் பதிவேட்டின் படத்தை முன்னதாக அனுப்பியிருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குழுவும் அனுப்ப வேண்டும். அழைப்பில் ஒரே கேள்வி: எந்த மணியின் கட்டம் காலியாக இருக்கிறது, ஏன்? திரி தீர்ந்தது, அளப்பவர் மகளின் கல்யாணம், ஒப்பந்தக்காரர் கருவியை எடுத்து வைத்துவிட்டார். காரணங்கள் இப்படித்தான் வரும். ஒவ்வொன்றும் சரிசெய்யக்கூடியது, அந்த வாரத்திலேயே தெரிந்தால்.

ஒரு வாரம் முழுதும் ஒரு தரப்பு பேசாமல் போனால் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். மாற்று ஆளைத் தொலைபேசியில் அழையுங்கள். அதற்காகத்தான் மூவர். அடுத்த கட்டமாக, பக்கத்து நாட்டுக் குழுவை அழைக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் அழைப்புக்குச் சொல்லத் தயங்கும் காரணத்தை மட்டக்களப்பிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் அழைப்பில் தயங்காமல் சொல்வார்கள்.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அழைப்பை நடத்தும் பொறுப்பு சுற்றில் வரட்டும். எட்டாம் மாதம் திரியையும் பேட்டரியையும் உள்ளூர் அமைப்பே தன் பணத்தில் வாங்க வேண்டும். வாங்கவில்லை என்றால் கையளிக்கும் நாளைத் தள்ளிப்போடுங்கள், நீங்கள் வாங்கி அனுப்பாதீர்கள்.

எதைக் கணக்கில் எடுப்பது

பயிற்சி பெற்றவர் எண்ணிக்கை எதையும் சொல்லாது. கடைசி 30 நாளில் அளக்க வேண்டிய மணிகளில் எத்தனை அளக்கப்பட்டன, எல்லையைத் தாண்டிய மணிகளில் எத்தனை முறை வேலை உண்மையில் நின்றது, எச்சரிக்கைக்கும் கடைசி ஆள் கேட்டதற்கும் இடையே எத்தனை நிமிடம், பயிற்சிக்கு வராத எத்தனை பேருக்கு வந்தவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்ற நான்கையும் எடுங்கள். சிங்கப்பூர்த் தளத்துக்கும் இதே நான்கு.

கையளித்த பிறகு 18ஆம் மாதத்தில் ஒரு பயணம் வையுங்கள். நடுப்பகலில் போங்கள். அலுவலகத்துக்குப் போகுமுன் களத்துக்குப் போய், திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிராத ஒரு புது ஆளிடம் கேளுங்கள்: 'இன்றைக்கு வேலையை நிறுத்தச் சொன்னால் யார் சொல்வார், எப்படிச் சொல்வார்?' அவர் பெயரைச் சொல்லிக் கையைக் காட்டினால் அந்தப் பெயருக்குரியவரைப் போய்ப் பார்த்து, பதிவேட்டை வாங்கி, கடைசியாகத் திரி வாங்கிய ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உள்ளூர் அமைப்பின் பெயரில் இருந்தால், அடுத்த உப்பளத்துக்கு உங்களை அனுப்பாமல் அவர்களையே பயிற்சியாளராக அனுப்புங்கள். செலவுப் பங்கை மட்டும் பேசி முடியுங்கள்.